மூன்றாம் வாசிப்பு

அக்டோபர் கடைசி. கூட்டத்தொடரின் கடைசி நாள். காலையிலேயே மேகம் இறங்கி வெல்டன் ஊரின் கூரைகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. எந்த நேரமும் பனி விழலாம் என்று எல்லோருக்கும் தெரிந்ததால், மாநில சபை உறுப்பினர்கள் பாதிப் பேர் குதிரைக்குச் சேணம் பூட்டிவிட்டே உள்ளே வந்திருந்தார்கள். மலைப்பாதை அடைத்துவிட்டால் ஒரு வாரம் விடுதியில் கிடக்க வேண்டியதுதான்.

மாநிலத்துக்கென்று இன்னும் ஒரு கட்டடம் கிடையாது. அமெரிக்க விடுதலைப் போர் முடிந்து பதினோரு வருடம் ஆகியும் சபை ஊர் ஊராகப் போய்த்தான் கூடியது. இந்த வருடம் வெல்டன் ஊர்த் தேவாலயம். கணப்பு கிடையாது. உறுப்பினர்கள் தொப்பியும் மேலங்கியுமாக மர இருக்கைகளில் நெருக்கி உட்கார்ந்து, கால்களைத் தரையில் தட்டிக்கொண்டே சட்டம் இயற்றினார்கள். பிரசங்க மேடைக்குக் கீழே நீள மேசை. அதன் நடுவில் அவைத் தலைவர் எலிஃபாலெட் ஸ்டோன், வீங்கிய காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்தபடி. மேசையின் இடது கோடியில் சபையின் கிளார்க் அசாகேல் தார்ன்டைக்.

அசாகேலுக்கு நாற்பத்தேழு வயது. ஆறு வருடமாக அவர்தான் கிளார்க். மனுக்களை வாங்கி அடுக்குவது, மசோதாக்களை உரக்க வாசிப்பது, நடந்ததையெல்லாம் குறிப்பேட்டில் பதிவது அவர் வேலை. கடைசி இருக்கையில் தூங்குகிறவரையும் எழுப்பிவிடும் குரல் அவருக்கு. அந்தக் குரலை நம்பித்தான் இரண்டு வருடமாகப் பிழைப்பு ஓடுகிறது. ஏனென்றால் இரண்டு வருடமாக அவர் கண்ணுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

ஒரேயடியாக இருண்டுவிடவில்லை. நேராக எதைப் பார்க்கிறாரோ அது மட்டும் மறைந்துபோகும். ஓரங்கள் மங்கலாகத் தெரியும். அதனால் தடுமாறாமல் நடப்பார், நாற்காலியைத் தேடாமல் உட்காருவார். காகிதத்தை முகத்துக்கு முன்னால் பிடித்தால் அங்கே ஒரு சாம்பல் வட்டம்தான். தினமும் சபை கலைந்ததும் அவர் மனைவி மெஹிட்டபெல் மறுநாள் வாசிக்க வேண்டியவற்றை விடுதி அறையில் அவருக்கு வாசித்துக் காட்டுவாள். இரண்டு தடவை கேட்டால் போதும், வரி பிசகாமல் நெஞ்சில் நின்றுவிடும். அன்றைய நடவடிக்கைகளை அவர் சொல்லச் சொல்ல அவள் குறிப்பேட்டில் எழுதுவாள். மசோதாக்களின் சுத்தப் பிரதியும் அவள் எழுதியதுதான். எது எந்தக் காகிதம் என்று அவர் விரலுக்குத் தெரிய ஒவ்வொன்றின் மூலையிலும் மடிப்பு வைத்திருப்பாள். காலைக்கும் மதியத்துக்கும் தனித்தனியாக, முதலாவதுக்கு ஒரு மடிப்பு, அடுத்ததுக்கு இரண்டு.

அன்று காலை வேலை மளமளவென்று ஓடியது. ஓநாய்த் தலைக்கு வெகுமதி நீட்டிக்கப்பட்டது. தெருவில் பன்றிகளை அவிழ்த்து விடலாமா கூடாதா என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டு, முடிவில்லாமல் விட்டார்கள். சபை உறுப்பினரான ஜட்ஜ் பீலெக் ரான்ஸ்ஃபோர்டின் மில்லுக்கு வாய்க்கால் வெட்ட அனுமதி தரும் மசோதாவை அசாகேல் வாசித்தார். யாரும் வாய் திறக்கவில்லை. நிறைவேறியது. மதியத்துக்குப் பிறகு மூன்று மசோதாக்கள்தான் பாக்கி. மூன்றாவதுதான் கெசாயா லாத்ராப்பின் துயர் தீர்க்கும் சட்டம்.

கெசாயாவை அசாகேல் முகம் பார்த்து அறியமாட்டார், குரல்தான் தெரியும். கணவன் சீனஸ் லாத்ராப் குடித்துவிட்டு அவள் மணிக்கட்டை இரண்டு தடவை உடைத்தவன். இப்போது ஒன்பது வயது மகள் லோயிஸை ஒப்பந்தம் எழுதி ஒருவனுக்கு வேலைக்காரியாகக் கொடுத்துவிட்டான். அந்த ஆள் ஒஹையோ ஆற்றுப் பக்கம் குடியேறப் போகிறான். திங்கட்கிழமை வண்டி கிளம்புகிறது. தகப்பன் கொடுத்தால் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. சபை மணமுறிவு தந்து பிள்ளையைத் தாயிடம் ஒப்படைத்தால்தான் உண்டு. சபையில் மூன்று தடவை வாசித்தால்தான் மசோதா வாக்கெடுப்புக்கு வரும்; இரண்டு வாசிப்பு முடிந்துவிட்டது. மூன்றாவது இன்று நடக்காவிட்டால் அடுத்த அக்டோபர்தான். சீனஸ் லாத்ராப், ஜட்ஜ் ரான்ஸ்ஃபோர்டின் தங்கை மகன்.

மதிய இடைவேளைக்குக் கலைந்தபோது மேசைக்கு முன்னால் ஒரு பெரிய உருவம் வந்து நின்றது. ஜட்ஜின் மேலங்கியிலிருந்து கற்பூர வாடை அடித்தது.

"உன் கண்ணு எப்படி இருக்கு, அசாகேல்?"

"நல்லாத்தான் இருக்கு, ஜட்ஜய்யா."

"அப்படியா. காலையில வாசல்ல என்னைத் தாண்டிப் போனே. தொப்பியைத் தூக்கினேன். நீ கண்டுக்கவே இல்ல."

"ஏதோ யோசனையில இருந்திருப்பேன்."

"செவ்வாக்கிழமை ஒரு மசோதா உன் கையில தலைகீழா இருந்துச்சு. அதையும் யோசனையிலதான் வாசிச்சியா?"

அசாகேல் முன்னாலிருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். ஜட்ஜ் மேசையின் மேல் சாய்ந்து, ரகசியம் பேசுகிறவர்போல் குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாதே. நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. பாவம், பொண்டாட்டிய வச்சிக்கிட்டு நீயும் எங்க போவே? நான் கேக்கறது சின்ன விஷயம். அந்த லாத்ராப் மசோதா அடியில கெடக்குல்ல, அது அடியிலேயே கெடக்கட்டும். மூணு மணிக்கு மேல எவனும் உக்காரமாட்டான். தலைவர் கேட்டா, இனிமே ஒண்ணும் இல்லேன்னு சொல்லிடு. அடுத்த வருஷமும் நீதான் கிளார்க்."

"இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல அது இருக்கே, ஜட்ஜய்யா."

"நிகழ்ச்சி நிரலையும் நீதானே வாசிக்கறே" என்று அவர் சிரித்தபடி போய்விட்டார்.

மெஹிட்டபெல் வெளிமுகப்பில் துணியில் சுற்றிய சோள ரொட்டியும் குளிர்ந்த பன்றி இறைச்சியுமாகக் காத்திருந்தாள். காகிதங்களை மேசையிலேயே விட்டுவிட்டு அசாகேல் அவளிடம் போனார். ஜட்ஜ் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் ரொட்டியைப் பிட்டு அவர் கையில் வைத்தாள்.

"சாப்பிடுங்க."

"எறங்காது. நீ என்ன சொல்றே?"

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். வாசிங்கன்னு சொன்னா, வேலை போனப்புறம் என்னைப் பாத்துப் பெருமூச்சு விடுவீங்க. வாசிக்காதீங்கன்னு சொன்னா, அந்தப் புள்ள மொகம் ராவெல்லாம் வரும், அதுக்கும் நான்தான் காரணம்பீங்க."

"நான் அப்படிப்பட்டவனா?"

"ஆமா" என்றாள் அவள். பிறகு அவர் கழுத்துத் துணியைச் சரிசெய்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அதோ அந்தத் தூணுக்குப் பின்னாடிதான் நிக்கிறா கெசாயா. காலையிலேருந்து நிக்கிறா. உக்காருன்னாலும் உக்காரமாட்டேங்கறா. புள்ளைய எங்கேயோ ஒளிச்சு வச்சிட்டு வந்திருக்கா."

மணி அடித்தது. அசாகேல் உள்ளே போனார்.

வாயில்காப்பாளர் லூதர் தலைகளை எண்ணி, அறுபத்து மூன்று பேர் என்று அறிவித்தார். சபை நடக்கக் குறைந்தது ஐம்பது பேர் வேண்டும். எத்தனை நேரத்துக்கு இருப்பார்கள் என்பது வேறு விஷயம். பின் இருக்கைகளில் ஏற்கெனவே கையுறை மாட்டுகிற சத்தம் கேட்டது. முதல் மசோதா இரண்டு ஊர்களின் எல்லை. வாசித்தார், நிறைவேறியது. இரண்டாவது ஒரு படகுத்துறை. வாசித்தார், நிறைவேறியது. மணி இரண்டரை. சன்னல் வெளிச்சம் மங்கி, அவருக்கு ஓரங்கள்கூடக் கரைய ஆரம்பித்தன.

"வேற ஏதும் இருக்கா, கிளார்க்?" என்றார் தலைவர்.

பன்னிரண்டாவது வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அது யார் தொண்டை என்று அசாகேலுக்குத் தெரியும். ஒரு சொல் போதும். இல்லை என்று சொன்னால் எல்லோரும் நன்றி சொல்லிக்கொண்டு குதிரை ஏறிவிடுவார்கள்.

அவர் மேசையில் கையை வைத்தார். "ஒண்ணு இருக்கு, தலைவரே. கெசாயா லாத்ராப்பின் துயர் தீர்க்கும் சட்டம். மூன்றாம் வாசிப்பு."

காகிதத்தை எடுத்தார். மூலையில் மூன்று மடிப்பு இருந்தது. ஆனால் எடுத்த கணத்திலேயே விரல்களுக்கு வித்தியாசம் தெரிந்தது. காகிதம் தடிமனாக இருந்தது. மெஹிட்டபெல் எழுதுகிற காகிதம் வழவழப்பானது, இது சொரசொரப்பு. மடிப்பும் அவள் நகத்தால் அழுத்திய மடிப்பு இல்லை. தடித்த விரல் மடித்தது. யாரோ பல நாள் அவரைக் கவனித்திருக்கிறார்கள். மடிப்பின் கணக்குவரை கற்றுக்கொண்டு, இடைவேளையில் காகிதத்தை மாற்றிவிட்டார்கள்.

இப்போது என்ன செய்வது? இது அந்த மசோதா இல்லை என்று சொன்னால், எப்படித் தெரியும் என்பார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிக் கேட்டால், உனக்குக் கண் இல்லையா என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் மசோதா தொலைந்தது. அறுபது பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காகிதத்தை உயர்த்திப் பிடித்து அவர் வாசிக்க ஆரம்பித்தார்.

"கெசாயா லாத்ராப் என்பவர் இந்தச் சபைக்கு அளித்த மனுவில் கூறியவை உண்மையென விசாரணையில் கண்டதால்..." மணவுறவு இன்றோடு முறிந்தது என்ற பகுதியை வாசித்தார். அவள் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த தறியும் பசுவும் அவளுக்கே என்ற பகுதியை வாசித்தார். கடைசியாக, "மேற்படி இருவரின் மகள் லோயிஸ் இருபத்தொரு வயதுவரை தாயின் காவலில் இருப்பாள், தகப்பன் அவளைக் குறித்து எழுதிய எந்த ஒப்பந்தமும் செல்லாது" என்பதையும் வாசித்து முடித்து, காகிதத்தைக் கீழே வைத்தார்.

"ஆம் என்பவங்க எழுந்து நில்லுங்க" என்றார் தலைவர்.

இருக்கைகள் கிறீச்சிட்டன. லூதர் நடந்து நடந்து எண்ணினார். ஆம் முப்பத்து நான்கு. இல்லை இருபத்தெட்டு.

வெளிமுகப்பில் ஒரு பெண் மூச்சை இழுத்துவிடும் ஓசை அசாகேலுக்கு மட்டும் கேட்டது. தலைவர் கையெழுத்துப் போட இறகுப் பேனாவை மையில் தோய்த்தார். அப்போதுதான் ஜட்ஜ் எழுந்தார்.

"தலைவரே, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அது என்ன காகிதம்னு ஒரு தடவை பாத்துடுங்க."

தலைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிளார்க்" என்றார் கடைசியில். "இது அணைக்கட்டு விஷயமா பெத்தூன் ஊர்க்காரங்க போட்ட மனு."

எல்லாத் தலைகளும் மேசைப் பக்கம் திரும்பின.

"அவருக்குக் கண்ணு தெரியாது" என்றார் ஜட்ஜ் அமைதியாக. "ரெண்டு வருஷமா இந்தச் சபை ஒரு குருடர் வாயால சட்டம் போட்டுக்கிட்டிருக்கு. இல்லேன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

அசாகேல் எழுந்து நின்றார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஜட்ஜய்யா சொல்றது உண்மை" என்றார். "எனக்கு எழுத்துத் தெரியல. வாசிக்க வேண்டியதை மொத நாளே மனப்பாடம் பண்ணிக்கறேன். என் மனைவிதான் வாசிச்சுக் காட்டறா. குறிப்பேடு, சுத்தப் பிரதி எல்லாம் அவ கையெழுத்து. சபைகிட்ட மறைச்சேன், அது என் தப்பு. ஆனா இப்போ வாசிச்சது மசோதால இருந்ததுதான். ஒரு சொல் கூடல, ஒரு சொல் குறையல. மதியத்துக்கு முன்னாடி அந்தக் காகிதம் இந்த மேசையிலதான் இருந்துச்சு."

கூச்சல் எழுந்தது. "பொம்பளையா சபைக் குறிப்பு எழுதறது?" என்று ஒருவர் கேட்டார். "ஏமாத்து வேலை" என்றது இன்னொரு குரல். தலைவர் சுத்தியலால் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோனார்.

ஜட்ஜின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது. "சட்டம்னா காகிதம். இங்க காகிதமே இல்ல. இல்லாத மசோதாவுக்கு வாக்களிச்சிருக்கோம், அது செல்லாது. மணி மூணாச்சு. சபையை முடிச்சிடலாம்."

பலர் எழுந்துவிட்டார்கள். லூதர் கதவுக்குக் குறுக்கே நின்றார். தலைவர் சொல்லாமல் திறக்க அவருக்கு அதிகாரம் இல்லை. சொன்னால் எல்லாம் முடிந்தது.

அப்போது நான்காவது வரிசையிலிருந்து ஹெபர் டிங்லி எழுந்தார். மலைப்பக்கத்தில் ஆடு வளர்ப்பவர். லாத்ராப் மனுவை விசாரித்த குழுவில் இருந்தவர். சபையில் வருடத்துக்கு இரண்டு தடவை பேசினால் அதிகம்.

"தலைவரே, எனக்கு ரெண்டு சந்தேகம்" என்றார். "மொதல் சந்தேகம். ஜட்ஜய்யா ஒக்காந்திருக்கற எடத்துலேருந்து எனக்கு உங்க மொகமே சரியாத் தெரியாது. கிளார்க் கையில இருந்தது வேற காகிதம்னு அவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. "எனக்குப் பார்வை நல்லா இருக்கு."

"இருக்கட்டும், கர்த்தர் குடுத்தது. ரெண்டாவது. காகிதத்தைப் பாத்து வாசிக்கலேன்னா சட்டம் செல்லாதுங்கறீங்க. இன்னிக்குக் காலையில உங்க வாய்க்கால் மசோதாவ இவர் எப்படி வாசிச்சார்?"

ஜட்ஜ் மேலங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அதுக்குக் காகிதம் இருந்துச்சு" என்றார் பிறகு.

"இருந்துச்சு. வாசிச்சது காகிதத்தையா, மனசுலேருந்தா? நாம காதால கேட்டதுக்குத்தானே எழுந்து நின்னோம்? இவர் வாய் செல்லாதுன்னா போன வாரம் சட்டமான என் ஊர்ப் பாலமும் இல்ல. அதோ உக்காந்திருக்காரே கிம்பால், அவர் ஊரோட எல்லையும் இல்ல. ரெண்டு வருஷத்துல எத்தனை சட்டம் போட்டோம், தலைவரே?"

"நாப்பத்தொண்ணு" என்றார் தலைவர். குரலில் திடீரென்று களைப்பு. ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்து இருந்தது.

எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் பையிலும் ஊருக்குக் கொண்டுபோய்ப் பெருமையோடு காட்ட ஒரு சட்டம் இருந்தது. சாலை, சந்தை, படகுத்துறை. அதெல்லாம் ஒரே மூச்சில் காற்றாகிப்போவதை அவர்கள் நினைத்துப் பார்த்தார்கள். அசாகேலுக்கு அவர்கள் முகம் தெரியவில்லை, ஆனால் இருக்கைகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிடுவது கேட்டது.

ஜட்ஜ் கடைசியாக ஒரு வழி பார்த்தார். "சரி, மனப்பாடம்னே வச்சுக்குவோம். நடுவுல ஒரு வரிய இவரே சேத்துச் சொல்லியிருந்தா? அந்தப் பொண்ணு மேல எரக்கப்பட்டு?"

தலைவர் முக்காலியிலிருந்து காலை இறக்கினார். முன்னாலிருந்த கட்டிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார். "ஜட்ஜோட வாய்க்கால் சட்டம். என் கையிலயே இருக்கு. கிளார்க், சொல்லுங்க. நான் விரல் வச்சுப் பாக்கறேன்."

அசாகேல் சொன்னார். நதியின் பெயர், வாய்க்காலின் அகலம், மேட்டிலிருக்கும் எல்ம் மரத்திலிருந்து வடகிழக்காக எத்தனை கோல் தூரம், யார் வேலியைத் தாண்டக் கூடாது. மூன்றாம் பத்தியில் சட்டென்று நின்றார். ஒன்றும் வரவில்லை. மூளை வெள்ளைச் சுவராக இருந்தது. அசாகேல் கண்களை மூடினார். விடுதி அறையில் மெஹிட்டபெல் அந்த வரிக்கு முன்னால் இருமியது ஞாபகம் வந்தது. இருமலுக்குப் பின்னாலேயே வரியும் வந்தது: "மீன்கள் மேலேறும் காலத்தில் மதகு திறந்திருக்க வேண்டும்." அங்கிருந்து கடைசிவரை நிற்காமல் சொல்லி முடித்தார்.

தலைவர் விரலைக் காகிதத்திலிருந்து எடுத்தார். "ஒரு எழுத்து மாறல."

"புள்ளைய தாய்கிட்ட விடணும்ங்கற வரி, குழுவுல நான் சொல்லிச் சேத்தது" என்றார் ஹெபர். "அவரா சேக்கல. கிளார்க் வாசிச்சது வாசிப்புதான், வாக்களிச்சது வாக்களிப்புதான், புதுப் பிரதி எழுதணும்னு தீர்மானம் கொண்டுவரேன்."

இந்தத் தடவை எழுந்து நின்றவர்கள் நாற்பத்தாறு பேர். ஜட்ஜ் ஆதரித்து எழவில்லை; ஆனால் தன் மில் வாய்க்காலைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால் எதிர்த்தும் எழவில்லை.

"யார் எழுதறது?" என்று தலைவர் சபையைப் பார்த்தார். யாரும் அசையவில்லை. அவர் பெருமூச்சு விட்டார். "லூதர், அந்த அம்மாவைக் கூப்பிடு. எழுதின கையே எழுதட்டும்."

மெஹிட்டபெல் நடுவழியில் நடந்து வந்தபோது சிலர் வேண்டுமென்றே தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்கள், சிலர் கழற்றினார்கள். அவள் இரண்டையும் பார்க்காமல் மேசைக்கு வந்து, கையுறையைக் கழற்றி, மை உறைந்திருக்கிறதா என்று பேனாவை முக்கிப் பார்த்தாள். அசாகேல் சொன்னார், அவள் எழுதினாள். கால்மணி நேரத்தில் பிரதி முடிந்தது. தலைவர் கையெழுத்திட்டார். மை உலருமுன்பே லூதர் அதை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து, எதிரே விடுதி மாடியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஆளுநரிடமும் அவருடைய ஆலோசனைக் குழுவிடமும் ஒப்புதல் வாங்க ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் பனி விழத் தொடங்கிவிட்டது. காகிதத்தில் எல்லாக் கையெழுத்துகளும் இருந்தன.

கெசாயா லாத்ராப் அதன் பிரதியை வாங்கிக்கொள்ள மேசைவரை வந்தாள். கையை நீட்டியபோது மணிக்கட்டு சற்றுக் கோணலாக இருந்தது என்று மெஹிட்டபெல் பிறகு சொன்னாள்.

"வழி மூடறதுக்குள்ள கிளம்பணும்" என்றாள் கெசாயா. "புள்ள தனியா இருக்கா." அசாகேலின் கையை ஒரு தரம் இறுகப் பிடித்துவிட்டு வெளியே போனாள்.

முடிந்தது என்று நினைத்தபோது ஹெபர் டிங்லி மறுபடி எழுந்தார். இந்தத் தடவை அவர் தொப்பி கையில் இருந்தது.

"தலைவரே, எனக்கு இது புடிக்கல, ஆனாலும் யாராவது சொல்லணும். தார்ன்டைக் நல்ல மனுஷன். ஆனா கண்ணு தெரியாத ஆளை என் ஆட்டை எண்ணக்கூட நான் வைக்கமாட்டேன். இன்னிக்கு ஒருத்தர் காகிதத்தை மாத்தினார். நாளைக்கு பத்துப் பேர் மாத்துவாங்க. அவருக்கு நன்றி சொல்லி, அவரைப் பொறுப்புலேருந்து விடுவிக்கணும்."

எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அசாகேலே தலையை ஆட்டினார். ஹெபர் சொன்னது சரிதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"குறிப்புல எழுதுங்கம்மா" என்றார் தலைவர் மெதுவாக.

அவள் பேனா கீறும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. பிறகு தொடர்ந்தது.

"எழுதியாச்சா?" என்றார் அசாகேல்.

"ம்."

"வாசி."

"'கிளார்க் அசாகேல் தார்ன்டைக்கின் ஆறாண்டுப் பணிக்கு இந்தச் சபை நன்றி தெரிவித்து, அவரை இன்றோடு விடுவிக்கிறது.'" அவள் குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"'மனமார்ந்த நன்றி'ன்னு போடலையா?"

"அவங்க அப்படிச் சொல்லல. சொல்லாததை நான் எழுதறதில்ல."

முன் இருக்கையில் இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். சுத்தியல் விழுந்தது. அறுபது பேரும் ஒரே நேரத்தில் கதவை நோக்கி நகர்ந்தார்கள்.

ஜட்ஜ் ரான்ஸ்ஃபோர்டு அடுத்த வருடமும் தன் ஊரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார். மில் நன்றாக ஓடியது. தொலைந்த காகிதத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை, தேடவும் இல்லை. திங்கட்கிழமை ஒஹையோவுக்குக் கிளம்பிய வண்டியில் லோயிஸ் இல்லை. புதிய கிளார்க்காக ஓர் இளம் வக்கீல் வந்தார். அவருடைய கையெழுத்தை அவராலேயே படிக்க முடியவில்லை. ஆகவே டிசம்பரில் அவைத் தலைவரிடமிருந்து மெஹிட்டபெலுக்கு ஒரு கடிதம் வந்தது. சபைக் குறிப்பேட்டைப் படியெடுக்க ஓர் ஆள் தேவை, அதில் அவள் பெயர் போட முடியாது, வர முடியுமா என்று கேட்டிருந்தார்.

அவள் அதை உரக்க வாசித்தாள். அசாகேல் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"மனப்பாடம் ஆயிடுச்சா?" என்றாள்.

"ஆச்சு. என்ன பதில் எழுதப் போறே?"

அவள் கணப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டாள். "பேர் போட்டா வரேன்னு" என்றாள்.